ஐசி கணவர் கையில், போன் நம்பர் அவர் பேரில்: வீட்டை விட்டு வந்த பெண் பேங்குக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

தோட்டத்துப்பிள்ளை

மலேசியா, பேராக்கின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அடி உதை தாங்காமல் பிள்ளைகளோடு வெளியே வரும் பெண்களுக்குத் துணை நிற்கிறவர்கள் இங்கே பல பேர் இருக்கிறீர்கள். நலத்துறை, பேங்கு, தோட்ட ஆபீஸ், சட்டம் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கம் தெரியும். அதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

ராத்தங்க இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. எல்லாம் முட்டி நிற்பது பேங்குக் கவுண்டரில். ஐசி (அடையாள அட்டை) கணவர் கையில், ஏடிஎம் கார்டும் அவர் கையில். பேங்கில் பதிந்துள்ள போன் நம்பர் அவர் பேரில் எடுத்த சிம். அந்தப் பெண் வெட்டிய களைக்கும் பொறுக்கிய உதிரிப் பழத்துக்குமான சம்பளம் கணக்கில் ஏறிய அன்றே காணாமல் போகிறது. புதுக் கணக்குத் திறக்க ஐசி கேட்கிறார்கள். புது சிம்முக்கும் ஐசி வேண்டும். புது ஐசிக்குக் காசு வேண்டும், காசோ பழைய கணக்கில் கிடக்கிறது.

இந்த முடிச்சில் எந்த நூலை முதலில் இழுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். யாருடைய பேர், தோட்டத்தின் பேர், தங்கியிருக்கும் இடம் எதுவும் வேண்டாம்.

கமலம்_ஈப்போ

தம்பி, முதல் நூல் ஐசிதான். பேங்கு, சிம், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), எஸ்டிஆர் (அரசின் ரொக்க உதவி) எல்லாமே அந்த அட்டைக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. கணவரிடம் உள்ள அட்டையைத் திரும்ப வாங்குவது ஒரு வழி, புதிது எடுப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் முன்னால் போலீஸ் புகார் வேண்டும்.

புகாரில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. “ஐசி காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடு, சீக்கிரம் முடியும்” என்று பக்கத்தில் நிற்பவர் யோசனை சொல்வார். அப்படிச் சொல்லக் கூடாது. பொய்த் தகவல் கொடுப்பது குற்றவியல் சட்டம் 182-ஆம் பிரிவில் குற்றம். பின்னால் வழக்கு நடக்கும்போது கணவர் தரப்பு அந்தத் தாளை எடுத்துக் காட்டி, இவள் சொல்வதெல்லாம் பொய் என்று வாதாடும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்: அடித்தார், ஐசியையும் ஏடிஎம் கார்டையும் எடுத்து வைத்துக்கொண்டார், கேட்டால் தர மறுக்கிறார். புகார் மலாயில் எழுதப்படும். கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று ஒரு வரி விடாமல் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் போவது நல்லது.

1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் போலீசுக்கும் நல அதிகாரிக்கும் சில கடமைகள் எழுதப்பட்டுள்ளன. பாதிக்கப்பட்டவர் தன் உடைமைகளை எடுக்க வீட்டுக்குப் போகும்போது உடன் செல்வது அதில் ஒன்று. இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பெரும்பாலும் நடக்காது. உள்ளே நிற்கக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். எது எங்கே இருக்கிறது என்று முந்தின நாளே தாளில் எழுதி வையுங்கள். சாமி மேடைக்குக் கீழ் டிராயர், அரிசி டின்னுக்குப் பின்னால், மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில்: லயன் வீடுகளில் (தோட்டத்து வரிசை வீடுகள்) பத்திரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எடுக்க வேண்டியவை தன் ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் மைகிட்டும் (சிறுவர் அடையாள அட்டை), திருமணப் பத்திரம், பாஸ்புக், ஏடிஎம் கார்டு, பழைய சம்பளச் சிட்டைகள், மருந்து, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை. அலமாரியைப் பார்த்து நின்று யோசிக்க நேரம் இருக்காது.

செல்வி_சட்டம்

கமலம் அக்கா சொன்னதோடு சேர்த்து இரண்டு சட்டப் பிடி.

ஒன்று, பிறருடைய ஐசியைத் தகுந்த காரணமில்லாமல் வைத்திருப்பது 1990-ஆம் ஆண்டுத் தேசியப் பதிவு விதிமுறைகளின்கீழ் தனிக் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். தாலி கட்டியவர் என்பதற்காக அதில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. போலீஸ் உடன் போகும்போது இதைச் சொன்னாலே பல கணவர்கள் அட்டையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டு, குடும்ப வன்முறைச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, பாதிக்கப்பட்டவரின் சொத்தை நேர்மையின்றி எடுத்துப் பண நட்டத்தால் துன்பப்படுத்துவதும் வன்முறை என்ற விளக்கத்துக்குள் வந்துவிட்டது. சம்பளக் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் காலி செய்வதை “இது குடும்பத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று யாராவது தள்ளினால் இந்தத் திருத்தத்தைச் சொல்லுங்கள். புகாரில் எந்த மாதம் எவ்வளவு எடுக்கப்பட்டது என்றும் எழுதச் சொல்லுங்கள்.

அதே திருத்தத்தில் வந்ததுதான் அவசரப் பாதுகாப்பு ஆணை. அங்கீகாரம் பெற்ற சமூக நல அதிகாரி மனு கிடைத்த 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், 7 நாள் செல்லும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. போலீஸ் விசாரணை ஓடும்போது மாஜிஸ்திரேட் தருவது இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. வழக்குப் பதிவான பிறகு வருவது பாதுகாப்பு ஆணை, 12 மாதம் வரை. போலீஸ் துணையோடு வீட்டுக்குள் போய்ப் பொருள் எடுக்க அனுமதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஆணையிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

தோட்டத்துப் பெண்களுக்கு முக்கியமான ஒன்று: கோயிலில் மட்டும் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். வழக்கப்படி அல்லது சமயப்படி சடங்கு நடந்திருந்தால் போதும், பதிவு இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு என்று சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்கிறது. “சர்ட்டிபிகேட் இல்லையே” என்று திருப்பி அனுப்பினால் நம்பிப் போய்விடாதீர்கள்.

தோட்டத்துப்பிள்ளை

நன்றி அக்கா. வீட்டுக்குப் போகவே முடியாத நிலை, அல்லது அட்டையை அவர் எரித்துவிட்டார் என்றால்? ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) எவ்வளவு ஆகும், என்ன கேட்பார்கள்?

கமலம்_ஈப்போ

மைகாட், அதாவது ஐசி அட்டை, மாற்று எடுக்க 10 வெள்ளி. அதற்கு மேல் தொலைத்ததற்கான அபராதம்: முதல் முறை 100, இரண்டாம் முறை 300, மூன்றாம் முறையிலிருந்து 1,000 வெள்ளி. இங்கே மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கும் பெண்ணுக்கு 110 வெள்ளி என்பது ஏறக்குறைய இரண்டு நாள் கூலி. முன்பே ஒரு முறை தொலைந்ததாகப் பதிந்து மாற்றியிருந்தால் அடுத்தது 310.

குற்றச் செயலால் அட்டை போயிருந்தால் போலீஸ் புகாரைக் காட்டி அபராத விலக்குக் கேட்கலாம். புகாரில் உண்மையை எழுதுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம். “காணாமல் போனது” என்று எழுதிய புகார் விலக்குக்கு உதவாது. “கணவர் பிடுங்கிக்கொண்டார், தர மறுக்கிறார்” என்றால் வாதம் செய்ய இடம் உண்டு. நலத்துறைக் கடிதமோ பாதுகாப்பு ஆணையின் நகலோ கூட இருந்தால் கை இன்னும் ஓங்கும். முடிவு அதிகாரி கையில் என்பதால் முதல் கவுண்டரில் முடியாது என்றால் மேலதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். ஈப்போ யுடிசி என்ற அரசுச் சேவை மையத்திலும் ஜேபிஎன் கவுண்டர் இருக்கிறது. கணவரின் ஆட்கள் சுற்றும் டவுனைத் தவிர்த்து அங்கே போகலாம்.

ஆள் நேரில் போக வேண்டும். பெருவிரல் ரேகையை வைத்தே ஆளை உறுதி செய்வதால் கையில் ஒரு தாளும் இல்லாமல் போனாலும் வேலை நடக்கும். ஐசி நம்பர் மனப்பாடமாக இருந்தால் போதும்.

முகவரியைப் பற்றி ஒரு வார்த்தை. மைகாட்டின் முன்பக்கத்திலேயே முகவரி அச்சாகிறது. அடைக்கலம் கொடுத்த இல்லத்தின் முகவரி அதில் ஏறிவிட்டால் அந்த ஒரு பெண் மட்டுமல்ல, அங்கே தங்கியுள்ள எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். எந்த முகவரியைக் கொடுப்பது என்று இல்லத்தின் பொறுப்பாளரிடம் கேட்காமல் கவுண்டரில் வாய் திறக்க வேண்டாம்.

பழையகவுண்டர்

பேங்குப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

2001-ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டமும் அதன்கீழ் மத்திய வங்கியான பேங்க் நெகாரா போட்ட விதியும் வாடிக்கையாளரிடம் கேட்கச் சொல்வது இவற்றை: முழுப் பேர், ஐசி அல்லது கடப்பிதழ் நம்பர், வீட்டு முகவரி, கடித முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை, என்ன வேலை, யாரிடம் வேலை, தொடர்பு எண், கணக்கு எதற்கு. கேட்டதை அசல் அட்டையையும் ரேகையையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

கணவர் சம்மதக் கடிதம் இதில் இல்லை. திருமணப் பத்திரம் இல்லை. தன் பேரில் மின்சார பில் வேண்டும் என்றும் இல்லை. லயன் வீட்டில் யார் பேரில் பில் வரும்? அது பேங்கின் உள்பழக்கம். பில் கேட்டால் தோட்ட ஆபீசின் வேலைக் கடிதமோ நலத்துறைக் கடிதமோ கொடுத்துப் பாருங்கள். மறுத்தால் “எந்த விதிப்படி மறுக்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அங்கேயே பாதி சரியாகும். ஆகாவிட்டால் பேங்கின் புகார்ப் பிரிவு, அதற்கு மேல் பேங்க் நெகாராவின் 1-300-88-5465. வாடிக்கையாளரை நியாயமாக நடத்துவது பற்றிய பேங்க் நெகாராக் கொள்கையில் 2024 திருத்தம், எளிதில் பாதிக்கப்படும் நிலையில் உள்ளவர்களுக்குத் தனிக் கவனம் தரச் சொல்கிறது. மேனேஜரிடம் பேசும்போது அந்தக் கொள்கையைச் சொன்னால் காது கொடுப்பார்.

கேட்க வேண்டியது அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. 20 வெள்ளியில் திறக்கலாம். “காப்புறுதி எடுத்தால்தான்”, “250 வெள்ளி போட்டால்தான்” என்று வேறு கணக்குப் பக்கம் இழுத்தால் மறுத்துவிடுங்கள்.

எந்தப் பேங்கு? கணவர் கணக்கு வைத்திருக்கும் பேங்கு வேண்டாம். கூட்டுக் கணக்கு உள்ள பேங்கும் வேண்டாம், ஒரே ஐசி நம்பரின்கீழ் பழைய போன் நம்பரும் பழைய முகவரியும் தானாகப் புதுக் கணக்கிலும் வந்து ஒட்டிக்கொள்ளும். கிளையும் சுங்கை சிப்புட்டில் வேண்டாம். சின்ன ஊர், கவுண்டரில் இருப்பவர் யாருக்காவது மச்சானாக இருப்பார். வாடிக்கையாளர் விவரத்தை வெளியில் சொல்வது 2013 நிதிச் சேவைச் சட்டம் 133-ஆம் பிரிவில் கடுமையான குற்றம்தான். ஆனால் சொல்லிவிட்ட பிறகு தண்டனை கொடுத்து என்ன பயன்? ஈப்போக் கிளைக்குப் போங்கள், நாடு முழுக்க அதே கணக்குத்தான்.

ஐசி நகல் எடுத்துக் கொடுக்கும்போது நகலின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு “இன்ன பேங்கில் கணக்குத் திறக்க மட்டும்” என்று தேதியோடு எழுதுங்கள். எழுத்து அட்டையின் படத்தின் மேலேயே ஓட வேண்டும், முகத்தையும் நம்பரையும் மறைக்கக் கூடாது.

துளசி

ஐயா, ரேகை விழாவிட்டால் என்ன செய்வது? பால் மரம் வெட்டிய கைக்கும் உரம் போட்ட கைக்கும் மெஷின் சிவப்பு விளக்குத்தான் காட்டுகிறது. சிலருக்குக் கையிலேயே காயம்.

பழையகவுண்டர்

நல்ல கேள்வி, இந்த ஊர்ப் பக்கம் இது அடிக்கடி நடக்கும்.

மைகாட் சிப்பில் இரண்டு பெருவிரலும் பதிவாகியிருக்கும். வலது விழாவிட்டால் இடதை வைக்கச் சொல்லிக் கேளுங்கள், கவுண்டர்ப் பெண் அவசரத்தில் மறந்துவிடுவார். காய்ந்து வெடித்த விரல் என்றால் முந்தின இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் போக வேண்டும். கண்ணாடியில் எண்ணெய் பட்டால் அதுவும் படிக்காது. வரிசையில் நிற்கும்போது பெருவிரலை நெற்றியில் லேசாகத் தேய்த்துக்கொண்டால் அந்தச் சிறு ஈரமே பல சமயம் போதும். விரல் நுனியை வைக்கக் கூடாது. நகத்துக்குக் கீழ் உள்ள சதை முழுவதும் பட்டையாகப் படிய வேண்டும். அழுத்தினால் கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும், மெதுவாக வைத்து அசையாமல் இருக்க வேண்டும். பயத்தில் எல்லாரும் அழுத்துவார்கள்.

அப்படியும் விழாவிட்டால் கணக்குக் கிடையாது என்று அர்த்தமில்லை. அதிகாரி ஒப்புதலோடு வேறு முறையில் ஆளைச் சரிபார்க்க பேங்குக்கு வழி உண்டு. பிறப்புப் பத்திரமோ வேறு ஆவணமோ கேட்பார்கள். ரேகை அடிக்கடி சதி செய்கிறவர்கள் ஜேபிஎன்னில் புது மைகாட் எடுக்கும்போதே ரேகையைப் புதிதாகப் பதியச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

கையில் தீக்காயமோ கட்டோ இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுபோங்கள். அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி என்ற ஒருங்கிணைந்த உதவிப் பிரிவு இருக்கிறது. சிகிச்சையோடு காயத்தின் பதிவும் அங்கே கிடைக்கும், புகாருக்கும் அது ஆதாரம்.

ரவி_கிராணி

சம்பளப் பக்கம்.

1955 வேலைச் சட்டம் 25-ஆம் பிரிவுப்படி சம்பளம் தொழிலாளியின் பேரில் உள்ள கணக்குக்கோ, அவர் பேரும் சேர்ந்த கூட்டுக் கணக்குக்கோதான் போக வேண்டும். “புருஷன் பொஞ்சாதி இரண்டு பேர் சம்பளமும் ஒரே கணக்கு” என்று கணவரின் தனிக் கணக்கில் போடும் பழக்கம் சில இடத்தில் இன்னும் இருக்கிறது. அது சட்டப்படி செல்லாது. அந்த அம்மா வேண்டாம் என்றால் ஆபீஸ் நிறுத்த வேண்டும்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். பேங்குக்குப் பட்டியல் அதற்குச் சில நாள் முன்பே போய்விடும். அதனால் புதுக் கணக்கு நம்பர் மாதக் கடைசிக்குள் ஆபீசுக்கு வந்தாக வேண்டும். 5-ஆம் தேதி வந்து சொன்னால் அந்த மாதப் பணம் பழைய கணக்குக்குத்தான் போகும். கடிதம் இரண்டு பிரதி: ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக் கையில் வையுங்கள். அதில் பழைய கணக்கை நிறுத்துவதையும் புதுக் கணக்கையும் மட்டும் எழுதினால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. மண்டோர் (கங்காணி) கையில் கொடுத்தனுப்ப வேண்டாம், அவரும் கணவரும் ஒரே கடையில் உட்காருகிறவர்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று சம்பளச் சிட்டை. அதில் பேங்கின் பேரும் கணக்கு நம்பரும் அச்சாகும். மொத்தச் சிட்டைகளையும் மண்டோரிடம் கொடுத்து லயனில் விநியோகித்தால் கணவர் கையில்தான் போய்ச் சேரும். ஆபீசில் நேரில் வாங்கிக்கொள்வதாகக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கணக்கு இன்னும் திறக்கவில்லை, ஐசி வரவில்லை என்றால் 25ஏ பிரிவு இருக்கிறது. தொழிலாளி எழுத்தில் கேட்டு, தொழிலாளர் இலாகா அனுமதி கிடைத்தால் ரொக்கமாகவோ காசோலையாகவோ கொடுக்கலாம். ரொக்கம் என்றால் அந்த மாத முடிச்சு அவிழும். காசோலைக்கு மறுபடி கணக்கு வேண்டும், அதனால் ரொக்கம் என்று குறிப்பிட்டே கேளுங்கள்.

மலர்_எம்

எல்லாரும் ஐசியையும் கணக்கையும் சொல்லிவிட்டீர்கள். இன்றைக்கு உண்மையான சாவி போன் நம்பர். பேங்கு ஆப் வேலை செய்யும் நாள்களில் இதைத் தள்ளி வைத்தால் மற்ற எல்லாம் வீண்.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா அறிவித்த நடவடிக்கைகளில், ஒரு கணக்குக்கு ஒரே ஒரு போன்தான் அங்கீகாரக் கருவி என்பதும், புதுக் கருவியைப் பதிந்தால் காத்திருப்பு நேரம் உண்டு என்பதும் சேர்ந்தவை. பெரும்பாலும் 12 மணி நேரம். மோசடிக்காரனைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் பழைய போன் கணவர் கையில் இருந்தால் பேங்குக் கணினியின் பார்வையில் கணக்கின் சாவி அவரிடம்தான். புதுப் போனில் ஆப் போடுகிறாள் என்று அந்தப் பழைய நம்பருக்கே குறுஞ்செய்தியும் போகும்.

அதனால் வரிசை முக்கியம். ஐசி வந்ததும் தன் பேரில் புது ப்ரீபெய்ட் சிம். சிம் கணவர் பேரில் இருந்தால் அதை மீட்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், தொலைபேசி நிறுவனம் பதிவு பெற்றவருக்குத்தான் மாற்று சிம் தரும். பிறகு புதுப் பேங்கில் புது நம்பரோடு புதுக் கணக்கு. அதன் பிறகுதான் பழைய பேங்கின் கிளைக்கு நேரில் போய், ஒரே உட்காருதலில் இவற்றை முடிக்க வேண்டும்: மிச்சப் பணத்தை எடுப்பது, போன் நம்பரை மாற்றுவது, பழைய கார்டை ரத்துச் செய்வது, இணையப் பேங்கிங்கை மூடுவது. போனில் கூப்பிட்டுக் கார்டை மட்டும் முதலில் முடக்கினால் கணவருக்கு உடனே தெரிந்துவிடும், மீதி மூன்றும் திறந்தே கிடக்கும்.

பழையகவுண்டர்

மலர் சொன்ன வரிசையில் ஒரு விலக்கு. போன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, ஆப் திறந்த நிலையில், கணக்கிலும் பணம் இருந்தால் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு பேங்கிலும் 24 மணி நேர எண் உண்டு. இணையப் பேங்கிங்கை முழுசாக முடக்கும் வசதியைக் கேட்டு உடனே பூட்டிவிடுங்கள். பணம் போன பிறகு திரும்ப வாங்குவது பெரும்பாடு: சரியான கருவி, சரியான ரகசிய எண், பேங்கின் கணினிக்கு அது அவள் செய்த பரிமாற்றம்தான்.

கமலம்_ஈப்போ

அந்த முடக்கத்தை ஆள் பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு செய்யச் சொல்லுங்கள் ஐயா. அதே கூரையின்கீழ் இருக்கும்போது கார்டு வேலை செய்யவில்லை என்று கணவருக்குத் தெரிந்தால் அடி விழும். கணக்கில் உள்ள 400 வெள்ளி போனால் போகட்டும்.

பழையகவுண்டர்

சரிதான் அம்மா. ஆள் வெளியே வந்த பிறகு என்று திருத்தி வாசிக்கவும்.

இன்னொன்று. போனில் கூப்பிட்டால் பேங்கு கேட்பது ஐசி நம்பர், பிறந்த தேதி, அம்மா பேர், முகவரி, கடைசியாக எடுத்த தொகை. யோசித்துப் பாருங்கள், இதில் எது கணவருக்குத் தெரியாது? யாராவது ஒரு பெண்ணைப் பேச வைத்து அவரே மாற்றிவிடலாம். எனவே கிளையில் இருக்கும்போதே “என் கணக்கில் எந்த மாற்றமும் போன் வழியாக வேண்டாம், நேரில் ரேகை வைத்தால் மட்டும்” என்று எழுதிக் கொடுத்துக் கணினியில் குறிப்புப் போடச் சொல்லுங்கள். எல்லா மேனேஜரும் ஒப்புக்கொள்வார்கள் என்று உறுதி தர முடியாது, ஆனால் கேட்டால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தின் பிரதியில் முத்திரை வாங்குங்கள். கூட்டுக் கணக்கு “யாராவது ஒருவர் கையெழுத்து” வகை என்றால் இருவரில் யாரும் முழுசையும் எடுக்கலாம் என்பதால் தன் பங்கை எடுத்துச் சிட்டையைப் பத்திரப்படுத்துவதைத் தள்ளிப் போட வேண்டாம்.

மலர்_எம்

ஐசி அல்லது போன் நம்பருக்கே பணம் அனுப்பும் டூயிட்நவ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐசி நம்பரையோ போன் நம்பரையோ டூயிட்நவ் அடையாளமாகப் பதிந்திருப்பார்கள், பல பேருக்கு எந்தக் கணக்கில் பதிந்தது என்றே நினைவிருக்காது. அது பழைய கணக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால், தங்கை ஐசி நம்பருக்கு அனுப்பும் 50 வெள்ளியும் பழைய கணக்கில்தான் விழும். பழைய பேங்கில் நீக்கச் சொல்லுங்கள். புதுக் கணக்கில் ஐசி நம்பரைப் பதிய வேண்டாம். கணவருக்கு அந்த நம்பர் தெரியும், பணம் அனுப்புவது போல் தட்டிப் பார்த்தாலே பேர் திரையில் வந்துவிடும். சிலர் 10 சென் அனுப்பிக் குறிப்புப் பகுதியில் மிரட்டலும் எழுதுகிறார்கள். அப்படி வந்தால் அழிக்காமல் திரையைப் படம் எடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள், பேர், தேதி, நேரம் எல்லாம் பேங்கே பதிந்து தந்த ஆதாரம் அது.

அடுத்தது இபிஎஃப். 2024 மே 11 முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அக்காவுன் ஃப்ளெக்சிபல் வந்துவிட்டது. குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வெளியே வந்த பெண்ணுக்கு முதல் வாடகைக்கு அதில் கிடைக்கக்கூடும். அதே வசதிதான் ஆபத்தும்: இபிஎஃப் ஆப்பான ஐ-அக்காவுன் பழைய போனில் இருந்து, பணம் போகும் கணக்கின் கார்டும் கணவரிடம் இருந்தால் அவள் ஓய்வுக்காலக் காசும் அப்படியே வழிந்துவிடும். இபிஎஃப் கவுண்டரில் ரேகை வைத்துப் போன் நம்பரை மாற்றுவதை பேங்கு வேலையோடு சேர்த்தே முடியுங்கள். வாரிசாகக் கணவர் பேர் இருந்தால் அங்கேயே மாற்றலாம், அவர் கையெழுத்துத் தேவையில்லை.

சாரா என்ற அரசின் அடிப்படைப் பொருள் உதவியும் மைகாட் வழியாகத்தான் கடையில் செலவாகிறது. அட்டை இல்லாத தாய்க்கு அரசு கொடுத்த அரிசியும் எண்ணெயும் கூட எட்டாது. அதற்காகவாவது ஜேபிஎன் வேலையை ஒரு வாரம் தள்ளிப் போடாதீர்கள்.

துளசி

சிவப்பு ஐசி, பச்சை ஐசிக்காரர்கள்? இந்தியாவிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள்?

செல்வி_சட்டம்

சிவப்பு ஐசி நிரந்தரக் குடியிருப்பாளருடையது. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு அவர்களுக்கும் உண்டு, மேலே சொன்ன வழியெல்லாம் பொருந்தும்.

பச்சை, அதாவது மைகாஸ், 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய தற்காலிக அட்டை. பேங்குக்குப் பேங்கு பதில் மாறும். காலாவதியாகியிருந்தால் எங்கும் நடக்காது. கணவர் அட்டையை மறைத்து வைத்திருந்த காலத்தில் தேதி கடந்துவிடுவதுதான் வழக்கமான சிக்கல், அதனால் ஜேபிஎன்னில் புதுப்பித்தல்தான் முதல் வேலை. அட்டையே இல்லாதவர்களுக்கு கணக்கு வராது. புகார், ஆஸ்பத்திரி, பாதுகாப்பு ஆணை ஆகியவற்றை அதற்காக விட்டுவிட வேண்டாம், ஆனால் ஆவணம் இல்லாதவர் போலீஸ் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் வழக்கறிஞரோ மகளிர் அமைப்போ உடன் வருவது அவசியம்.

வெளிநாட்டு மனைவிக்குக் கடப்பிதழும் செல்லுபடியாகும் விசாவும் இல்லாமல் பேங்கு நகராது. பிறர் கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டத்தில் குற்றம், கணவருக்கும் அது பொருந்தும். போலீஸ் துணையோடு வீட்டுக்குப் போகும்போது எடுக்க வேண்டிய பட்டியலில் முதல் இடம் அதற்கு. கிடைக்காவிட்டால் இந்தியத் தூதரகத்தில் புதிதுக்கு விண்ணப்பிக்கப் புகார் நகல் கேட்பார்கள். விசா முடியும் தேதியைப் பார்த்து நாளை எண்ணி வேலை செய்யுங்கள்.

உதவி எண்கள்: அரசின் தாலியான் காசே 15999, 24 மணி நேரமும். மகளிர் உதவி அமைப்பான டபிள்யூஏஓ 03-3000 8858, பேச முடியாதவர்கள் 018-988 8058-க்கு எழுதலாம். ஈப்போவில் பேராக் விமன் ஃபார் விமன் சங்கம் இருக்கிறது. அழைத்த எண் போனின் பதிவில் நிற்கும், பில் கணவர் பேரில் வருவதானால் பக்கத்து வீட்டுப் போனில் அழைப்பது நல்லது.

தோட்டத்துப்பிள்ளை

கடைசியாக ஒன்று. அப்பா திறந்து வைத்த பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கு? கோயில் திருவிழாக் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் அதில் கிடக்கிறது.

பழையகவுண்டர்

கணக்கில் காப்பாளராக யார் பேர் இருக்கிறதோ அவர்தான் எடுக்க முடியும். அப்பா பேர் என்றால் அம்மா பிறப்புப் பத்திரத்தைக் காட்டினாலும் பேங்கு தராது, கோர்ட் உத்தரவு வேண்டும். அந்தப் பாஸ்புக்குக்காக வீட்டுக்குத் திரும்பப் போய் நிற்க வேண்டாம். கடைசி இருப்பு தெரிந்தால் எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள், ஜீவனாம்ச மனுவில் சேர்ப்பார். அம்மா தன்னைக் காப்பாளராகப் போட்டு வேறு பேங்கில் பிள்ளைக்குப் புதுக் கணக்குத் திறக்கலாம். அதற்குப் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் மைகிட்டும் அம்மாவின் ஐசியும் வேண்டும். பத்திரம் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஎன்னில் தாய் என்ற முறையில் அதன் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். மைகாட் எடுக்கப் போகும் அதே நாளில், அதே கவுண்டரில் இதையும் கேட்டுவிடுங்கள், ஈப்போவுக்கு இன்னொரு பஸ் காசு மிச்சம்.